தொடைக் குழிகள்: எந்த வழி எதைத் தொடுகிறது?

தொடையிலும் பிட்டத்திலும் தோல் குழிவிழுந்து மேடுபள்ளமாகத் தெரிவதைத்தான் செல்லுலைட் என்கிறார்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று தேடத் தொடங்கும் பெண்ணின் முன்னால் பல வழிகள் வரிசைகட்டி நிற்கும். களிம்பு, உடற்பயிற்சி, உருளை வைத்துத் தேய்க்கும் மசாஜ், ரேடியோ அலைக் கருவி, லேசர், ஊசி மருந்து, தோலுக்கடியில் நாரை அறுத்துவிடும் சிகிச்சை, கடைசியாக எதுவும் செய்யாமல் இருப்பது. ஒரே வேலையைச் செய்யும் எட்டுப் பொருள்கள் போலத்தான் விளம்பரங்கள் இவற்றை அடுக்குகின்றன. உண்மையில் ஒவ்வொன்றும் தோலுக்கடியில் வெவ்வேறு இடத்தைத் தொடுகிறது. சில எந்த இடத்தையும் தொடுவதில்லை. அதனால் செலவையும் வலியையும் ஒப்பிடும் முன், குழி எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

குழி விழும் விதம்

உட்தோலுக்குக் கீழே கொழுப்பு அடுக்கு இருக்கிறது. அதற்கும் கீழே தசையைப் போர்த்திய உறை. உட்தோலையும் அந்த உறையையும் கட்டி வைப்பவை கொலாஜன் என்ற புரதத்தால் ஆன நார்ப்பட்டைகள். அவற்றுக்கு இடைப்பட்ட சிற்றறைகளில் கொழுப்பு நிறைந்திருக்கும். பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே நூல் கோத்து இழுத்து முடிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூல் இழுத்த இடம் பள்ளமாகவும் மற்ற இடம் மேடாகவும் நிற்கும். தொடையிலும் பிட்டத்திலும் நடப்பது ஏறக்குறைய அதுதான்: நார் கீழே இழுக்கிறது, கொழுப்பு மேலே தள்ளுகிறது, தோல் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது.

இது ஏன் பெரும்பாலும் பெண்களுக்கே? 1978இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆண், பெண் தோல் மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெண்களுக்கு நார்ப்பட்டைகள் தோலுக்குச் செங்குத்தாக நின்று, கொழுப்பறைகள் உயரமாக இருந்தன. ஆண்களுக்கோ நார்கள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிட்டு, அறைகள் சிறியவையாக இருந்தன. ஆணின் உட்தோல் தடிமனும் கூட. ஆகவே கொழுப்பு பெருத்தாலும் அது மேல்நோக்கிப் பிதுங்க வழி குறைவு. பின்னால் எம்ஆர்ஐ படங்கள் வந்தபோது இந்தச் சித்திரம் கொஞ்சம் திருத்தப்பட்டது. எல்லார் உடம்பிலும் எல்லாத் திசையிலும் நார்கள் ஓடுகின்றன; செல்லுலைட் உள்ள பெண்களிடம் செங்குத்தானவற்றின் விகிதம் கூடுதல், அவ்வளவுதான். 2009இல் பிரேசிலைச் சேர்ந்த ஹெக்ஸெல் குழுவினர் குழிகளை நேராகப் படமெடுத்துப் பார்த்தார்கள். அநேகமாக எல்லாக் குழிக்கும் கீழே ஒரு தடித்த நார்ப்பட்டை இருந்தது. சிகிச்சையைத் தேர்வு செய்பவருக்கு இந்த ஒரு தகவல் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

ஹார்மோனின் பங்கையும் சொல்ல வேண்டும். பருவமடையும் முன் சிறுமிகளுக்கு இது தெரிவதில்லை; அதற்குப் பிறகு 80 முதல் 90 சதவீதப் பெண்களுக்கு ஏதோ ஒரு அளவில் வந்துவிடுகிறது. பிறவியிலேயே ஆண் ஹார்மோன் குறைந்த ஆண்களுக்கும், புரோஸ்டேட் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எடுத்துக்கொண்ட ஆண்களுக்கும் செல்லுலைட் வருவது பதிவாகியிருக்கிறது. இந்த விதிவிலக்குகளே ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்பதற்கு நல்ல சாட்சியம். ஈஸ்ட்ரோஜன் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பைச் சேர்த்து வைக்கத் தூண்டுகிறது. அந்தக் கொழுப்பணுக்களில் கொழுப்பு கரைவதைத் தடுக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகள் அதிகம், ஆகவே அங்கே சேர்ந்தது லேசில் இறங்குவதில்லை. கர்ப்பம், பாலூட்டல் ஆகியவற்றுக்கான இருப்பு என்ற கோணத்தில் பார்த்தால் உடம்பு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

வயது ஏற ஏற மூன்றாவது காரணம் சேர்ந்துகொள்கிறது. உட்தோலின் கொலாஜன் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது, மாதவிடாய் நின்ற பின் இன்னும் வேகமாக. தோல் மெலிந்து தளரும்போது, இருபது வயதில் மறைந்திருந்த மேடுபள்ளம் நாற்பத்தைந்தில் வெளியே தெரிகிறது. புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று அப்போது பதறுகிறோம். பெரும்பாலும் கீழே இருந்தது அப்படியே இருக்க, மேலே இருந்த போர்வைதான் மெலிந்திருக்கும். புகைப்பழக்கமும் கொலாஜனைச் சிதைக்கும். ரத்த ஓட்டத்தின் மந்தம், நிணநீர்த் தேக்கம், மெல்லிய அழற்சி என்றும் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கு ஆதாரம் உண்டு, ஆனால் நார் விஷயத்தில் இருக்கும் அளவுக்கு உறுதியில்லை. 'நச்சுகள் தேங்கிவிட்டன' என்ற விளக்கத்துக்கு ஆதாரமே கிடையாது. அந்தச் சொல்லோடு எது விற்கப்பட்டாலும் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

உங்களுடையது குழியா, அலையா?

கண்ணாடி முன் தசையைத் தளர்த்தி நின்று பாருங்கள். பிறகு படுத்துப் பாருங்கள். நின்றாலும் படுத்தாலும் ஒன்றும் தெரியாமல், தோலைக் கிள்ளினால் மட்டும் மேடுபள்ளம் தெரிந்தால் அது முதல் நிலை. நின்றால் தெரிந்து படுத்தால் மறைந்தால் இரண்டாம் நிலை, எப்படி இருந்தாலும் தெரிந்தால் மூன்றாம் நிலை. நூர்ன்பெர்கரும் முல்லரும் வகுத்த இந்த அளவுகோல் பழையது, ஆனாலும் கருவி எதுவும் தேவைப்படாத நல்ல அளவுகோல். முதல் நிலையில் இருப்பவர் சிகிச்சைக்குப் பணம் செலவழித்தால், கிள்ளிப் பார்க்கிறவர் கண்ணுக்காக மட்டுமே செலவழிக்கிறார்.

அடுத்தது இன்னும் முக்கியம். தோலை இரு கையால் மெதுவாக மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். அலையலையான சுருக்கம் மறைந்துவிட்டால் உங்கள் முதன்மைச் சிக்கல் தோலின் தளர்ச்சி. மேலே இழுத்தும் தனித்தனிக் குழிகள் குழிகளாகவே நின்றால், அங்கே நார்ப்பட்டை இழுக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். எது அதிகம் என்று பார்த்தால் போதும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. இரு கால்களும் சமமாகப் பெருத்து, பாதம் மட்டும் மெலிந்திருந்து, தொட்டாலே வலித்து, லேசான அடிக்கே கன்றிப்போனால் அது கால்களில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேரும் லிப்பிடீமா என்ற நோயாக இருக்கலாம். செல்லுலைட் வலிக்காது. திடீரெனச் சிவந்து, சூடாகி, வலியோடு பரவி, காய்ச்சலும் வந்தால் அது செல்லுலைட்டிஸ் என்ற கிருமித் தொற்று. பெயரில் உள்ள ஒற்றுமையைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமில்லை, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

களிம்பும் மாத்திரையும்

காஃபீன் களிம்புகளுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆய்வகத் தட்டில் கொழுப்பணுமேல் காஃபீன் பட்டால் கொழுப்பு கரைவது கூடும். ஆனால் தட்டிலிருந்து தொடைக்கு வரும்போது மருந்து தோலின் முழுத் தடிமனையும் தாண்டிப் போதிய அளவில் கீழே சேர வேண்டும், அங்கே தங்கவும் வேண்டும். சேர்ந்தாலும் அது தொடுவது கொழுப்பை. குழியை இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அது எந்த வகையிலும் தளர்த்தாது. தடவிய சில மணி நேரத்துக்குத் தோல் இறுகினாற்போலத் தெரிவது உண்மை. பயன்படுத்துவதை நிறுத்தினால் அதுவும் போய்விடும்.

வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் கொஞ்சம் வேறு. அது உட்தோலைத் தடிமனாக்கக்கூடியது. 0.3 சதவீத ரெட்டினாலை ஆறு மாதமாவது தொடர்ந்து பூசினால் தோற்றத்தில் சிறு மாற்றம் தெரியலாம். அலை வகைக்கு ஓரளவு பயன், ஆழமான குழிக்குப் பயனில்லை. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பம் தரிக்க முயல்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். களிம்புகளின் கலவைகள் சிலருக்கு ஒவ்வாமை தருவதுண்டு, முதலில் சிறு இடத்தில் பூசிப் பார்ப்பது நல்லது. கொலாஜன் பெப்டைடு, அதாவது சிறு துண்டுகளாக உடைத்த கொலாஜன், குடித்தால் போதும் என்பவர்கள் ஆறு மாத ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள். அதில் கிடைத்தது சிறு முன்னேற்றமே. அதை வைத்து மாதாமாதம் டப்பா வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எடையும் உடற்பயிற்சியும்

ஒல்லியானவர்களுக்கும் செல்லுலைட் உண்டு, ஆகவே இது உடல் பருமனின் தண்டனை அல்ல. ஆனால் கொழுப்பறை பெருத்தால் மேலே தள்ளும் விசை கூடும் என்பதும் மறுக்க முடியாதது. எடை கூடுதலாக உள்ளவர்கள் மெதுவாகக் குறைத்தால் பெரும்பாலானோருக்கு மேடுபள்ளம் தணிகிறது. சிலருக்கு நேரெதிராக நடக்கும்: எடை வேகமாக இறங்க, தோல் சுருங்காமல் தொங்க, முன்பு தெரியாத அலைகள் தெரியத் தொடங்கும். எடைக் குறைப்பைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலேயே இந்த இரண்டு விளைவும் பதிவாகியிருக்கின்றன.

எடை தூக்கும் பயிற்சி, படியேறுதல், குந்தி எழுதல் இவை நாரை அறுக்காது. தொடைத் தசையும் பிட்டத் தசையும் பருக்கும்போது தோலுக்குக் கீழே தாங்குதளம் உயர்ந்து, அலை வகை மட்டுப்படும். பக்கவிளைவாக எலும்பும் முழங்காலும் பலப்படும். இந்தப் பட்டியலிலேயே, செல்லுலைட் துளியும் குறையாவிட்டாலும் நஷ்டம் இல்லாத வழி இது ஒன்றுதான். அலை வகைக்காரர் முதலில் ஒரு வருடம் இதற்குக் கொடுத்துவிட்டு மற்றதை யோசிக்கலாம் என்பது என் கட்சி.

தேய்த்தல், உருட்டல், சூடாக்குதல்

எண்டர்மாலஜி என்ற முறையை 1980களில் பிரான்சில் லூயி-பால் கித்தே உருவாக்கினார். தோலை உறிஞ்சி மடித்து இரு உருளைகளுக்கு நடுவே ஓட்டும் கருவி அது. தழும்புகளைத் தளர்த்தும் கைமசாஜுக்கு மாற்றாகத்தான் பிறந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ இதற்குக் கொடுத்திருக்கும் அனுமதியின் வாசகத்தைப் படித்தாலே போதும்: செல்லுலைட்டின் தோற்றத்தைத் தற்காலிகமாகக் குறைப்பதற்கு. அனுமதி பெற்றது என்று விளம்பரம் பெரிய எழுத்தில் சொல்லும். 'தற்காலிகமாக' என்பது சிறிய எழுத்துக்குப் போய்விடும். உலர் தூரிகையால் தேய்ப்பதும் நுரை உருளையில் உருள்வதும் இதே இனம். கன்றிப்போகும் அளவுக்கு அழுத்தித் தேய்த்தால் நார் விடுபடும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். விடுபடாது, ரத்த நுண்குழாய்கள்தான் உடையும்.

ரேடியோ அலைக் கருவிகள் உட்தோலைச் சூடாக்கி, இருக்கும் கொலாஜனைச் சுருக்கிப் புதியதை வளர்க்கப் பார்க்கின்றன. ரேடியோ அலை, அகச்சிவப்பு ஒளி, உறிஞ்சல் மூன்றையும் சேர்த்த வேலாஸ்மூத் என்ற கருவி 2005இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பல அமர்வுகள், பிறகு பராமரிப்பு அமர்வுகள் என்று இது ஒரு சந்தாவாகவே நீளும். தளர்ந்த தோலுக்கு மிதமான பலன் உண்டு. குழிக்கு இதைப் பரிந்துரைக்கிறவரிடம், உங்களிடம் வேறு கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் இருக்காது. எந்தக் கருவியை வாங்கினார்களோ அதற்கேற்ற நோய்தான் எல்லாருக்கும் இருக்கும்.

நாரை அறுப்பது

குழிக்கு நேர்வழி இதுதான். சப்சிஷன் என்ற இந்த முறையில் அந்த இடத்தை மரக்க வைத்து, வெட்டுமுனை கொண்ட ஊசியைத் தோலுக்கடியில் செலுத்தி, குழிக்குக் கீழே உள்ள நார்ப்பட்டையை அறுத்துவிடுவார்கள். மெத்தையின் நூலை வெட்டினால் பள்ளம் எழும்பி வருவது போலத் தோலும் எழும்பும். 1995இல் தழும்புகளுக்கும் சுருக்கங்களுக்கும் விவரிக்கப்பட்ட முறை இது. ஹெக்ஸெலும் மஸ்ஸூக்கோவும் 232 பெண்களின் செல்லுலைட்டுக்கு இதைச் செய்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நால்வர் ஒரே அமர்வில் திருப்தி அடைந்தார்கள்.

கையால் செய்வதில் ஆழம் மருத்துவருக்கு மருத்துவர் மாறும். அதைச் சரிசெய்யும் நோக்கில் செல்ஃபினா என்ற கருவி 2015இல் வந்தது. உறிஞ்சல் தோலை ஒரே மட்டத்தில் பிடித்துக்கொள்ள, குறித்த ஆழத்தில் சிறு கத்தி அறுக்கிறது. ஒரே அமர்வின் பலன் மூன்று ஆண்டு வரை நீடித்ததைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இந்தத் துறையில் அவ்வளவு நீண்ட காலம் கவனிக்கப்பட்டவை மிகச் சில. 2012இல் அனுமதி பெற்ற செல்லுலேஸ் என்பது 1440 நானோமீட்டர் லேசர் இழையைத் தோலுக்கடியில் செலுத்தி நாரை அறுத்துக் கொழுப்பையும் உருக்குவது. பெயர் லேசர்தான் என்றாலும் வேலையால் அது இந்தப் பிரிவைச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒலித்துடிப்பால் நாரைத் தளர்த்தும் கருவி ஒன்றும் 2021இல் அனுமதி பெற்றது. தோலைத் துளைக்காதது அதன் வசதி, அறுத்த அளவுக்கு நீடிக்குமா என்பதற்குக் காலம்தான் சாட்சி.

இதற்கு விலை உண்டு. வாரக்கணக்கில் கன்றல், தொட்டால் வலி, சிலருக்கு உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டி. நிறம் அடர்ந்த தோல் உள்ளவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கணக்கில் கொள்ள வேண்டும்: கன்றிய இடத்தில் ரத்தத்தின் இரும்புச்சத்து படிந்தும், அழற்சிக்குப் பிறகு நிறமி கூடியும் விழும் கறை பல மாதம் நிற்கலாம். குழி போய்க் கறை வந்தால் அது என்ன வியாபாரம் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தளர்ந்த தோலில் நாரைத் தாராளமாக அறுத்தால் பிடிமானம் போய் இன்னும் தொங்கவும் கூடும். எண்ணக்கூடிய சில ஆழமான குழிகளும் இறுக்கமான தோலும் உள்ளவருக்குத்தான் இது பொருத்தம்.

ஊசி மருந்தின் கதை

கத்தி வேண்டாம், கொலாஜனைக் கரைக்கும் நொதியை ஊசியில் போட்டால் நாரே கரைந்துவிடாதா என்ற யோசனை அழகானது. விரல்கள் மடங்கிப்போகும் டூப்பூயிட்ரன் நோய்க்கு அந்த நொதி 2010 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் இருந்தது. அதையே பிட்டத்துச் செல்லுலைட்டுக்காக க்வோ என்ற பெயரில் 2020 ஜூலையில் எஃப்டிஏ அனுமதித்தது. இந்தக் குறைக்கென்று அங்கீகாரம் பெற்ற முதல் ஊசி மருந்து அதுதான். 800க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற இரண்டு ஆய்வுகள் அதற்குத் துணை நின்றன.

அந்த ஆய்வுகளின் எண்களைப் பாருங்கள். மருத்துவர், நோயாளி இருவரின் மதிப்பீட்டிலும் இரண்டு படி முன்னேறியவர்கள் முதல் ஆய்வில் 7.6 சதவீதம், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 1.9 சதவீதம். இரண்டாவதில் 5.6, 0.5. புள்ளியியல்படி வேறுபாடு உறுதியானது, மருந்து வென்றது. ஆனால் மூன்று அமர்வு ஊசி குத்திக்கொண்ட நூறு பேரில் பத்துப் பேர்கூட அந்த அளவுகோலை எட்டவில்லை. பெரும்பாலோருக்குக் கன்றல் வந்தது. 2022 டிசம்பரில், கன்றலையும் நீடித்த நிறமாற்றத்தின் சாத்தியத்தையும் காரணம் காட்டி, தயாரித்த நிறுவனமே விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. அனுமதி வேறு, பலன் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் மீசோதெரபி ஊசிகளில் கலவைக்கு ஒரு தரநிலை கிடையாது. தொற்று, கட்டி, ஒவ்வாமை எல்லாம் பதிவாகியுள்ளன. அதை வேண்டாம் என்றே சொல்வேன். லைப்போசக்ஷனும் கொழுப்பை உறையவைக்கும் கருவியும் கொழுப்பை எடுக்கின்றன, நாரை அப்படியே விடுகின்றன. உறிஞ்சி எடுத்த பிறகு மேடுபள்ளம் கூடியவர்களும் உண்டு.

எதுவும் செய்யாமல் இருப்பது

பத்தில் எட்டுப் பெண்களுக்கு மேல் இருப்பதை நோய் என்று அழைப்பது எனக்கு உறுத்துகிறது. இது உடல்நலத்துக்குக் கேடு செய்வதில்லை. முற்றி வேறொன்றாக மாறுவதும் இல்லை. அதனால் தள்ளிப்போட்டால் இழப்பு எதுவுமில்லை. 'இப்போதே செய்யாவிட்டால் பரவிவிடும்' என்று அவசரப்படுத்துகிறவர் பொய் சொல்கிறார். எல்லா வழிகளோடும் இதையும் சம அந்தஸ்தில் வைத்து யோசிக்க வேண்டும், மற்றது ஒன்றும் முடியாதவர்களுக்கான மிச்சமாக அல்ல. அதே நேரம், தன் தொடை தனக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும் என்று ஒருத்தி விரும்பினால் அதைக் கேலி செய்யவும் எனக்கு உரிமையில்லை.

செய்துகொள்வது என்று முடிவானால், முன்-பின் படங்களை நம்பும் முன் வெளிச்சத்தைப் பாருங்கள். பக்கவாட்டிலோ மேலிருந்தோ விழும் ஒளி ஒவ்வொரு குழிக்கும் நிழல் கொடுக்கும். முன்னாலிருந்து அடிக்கும் ஃபிளாஷ் எல்லா நிழலையும் துடைத்துவிடும். முதல் படம் தசையைத் தளர்த்தி எடுக்கப்பட்டதா, இறுக்கி எடுக்கப்பட்டதா, இரண்டாவதில் குதிகால் உயர்ந்திருக்கிறதா, இடுப்பு திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாளில், எந்தச் சிகிச்சையும் இல்லாமல், ஒரே பெண்ணை வைத்து அற்புதமான முன்-பின் ஜோடி எடுத்துவிட முடியும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுத்த படம் கேளுங்கள். சிகிச்சை முடிந்த வாரத்தில் வீக்கமே பாதிக் குழியை நிரப்பியிருக்கும்.

மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: நீங்கள் செய்யப்போவது நாரையா, தோலையா, கொழுப்பையா தொடுகிறது? நேராகப் பதில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், எடை இறங்கிக்கொண்டிருக்கும் காலம் ஆகியவற்றில் தோலும் கொழுப்பும் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும்; அப்போது எதையும் அறுக்க வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலில் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டும். சிகிச்சை நாளன்று குழிகளை நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பேனாவால் குறிக்கிறார்களா என்று கவனியுங்கள். படுத்த பிறகு பாதிக் குழிகள் மறைந்துவிடும், எதை அறுப்பது என்று யாருக்கும் தெரியாது.